போர்ச் செலவும் சிறுசேமிப்புப் பத்திரமும்: அரசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

#1 அரையணா

போர் என்றதும் அரசுகள் பொதுமக்களிடம் கடன் பத்திரம் விற்கக் கிளம்பிவிடுகின்றன. 1917இல் அமெரிக்காவின் லிபர்ட்டி பத்திரம், 1941இல் அதே நாட்டின் இ வரிசைப் பத்திரம், 2022இல் உக்ரைனின் ராணுவப் பத்திரம். எனக்குப் பிடிபடாதது இதுதான்: மத்திய வங்கி கையிலேயே இருக்கிறது. பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே நாளில் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அப்படியிருக்க, ஆளுக்குப் பதினெட்டு டாலர், இருபத்தைந்து டாலர் என்று துண்டு துண்டாக வசூலிப்பானேன்? அச்சுக்கூலி, தபால், கணக்கெழுத ஆள் எல்லாம் சேர்த்தால் வங்கியிடம் வாங்கும் கடனைவிட இதற்குத்தான் கைச்செலவு அதிகம். வெறும் தேசபக்தி விளம்பரமா, இல்லை இதற்குள் பொருளாதாரக் கணக்கு ஏதாவது உண்டா?

#2 பேரேடு

கணக்கு உண்டு. ஆனால் அது அரசுக்குப் பணம் சேர்க்கும் கணக்கு இல்லை. சொந்த நாணயத்தில் செலவு செய்கிற அரசுக்கு அந்த நாணயம் கிடைப்பதில் பெரிய சிரமம் கிடையாது. எஃகு, பெட்ரோல், துணி, ஆள்பலம் இவைதான் தட்டுப்பாடு. இந்த வருடம் சுடுகிற குண்டை இந்த வருட உழைப்பில்தான் செய்தாக வேண்டும். 1955இல் கட்டப்போகும் வரியைக் கொண்டு 1943இல் விமானம் கட்ட முடியாது. வெளிநாட்டுக் கடன் மட்டும் விலக்கு. அதில் பொருளே வெளியிலிருந்து வந்து இறங்குகிறது.

கற்பனை எண்களில் பார்ப்போம். ஆண்டு உற்பத்தி 100. அதில் அரசுக்கு 20, மக்களுக்கு 80. போர் வந்ததும் அரசு 45 கேட்கிறது. கூடுதல் நேர வேலை, புதிதாக வேலைக்கு வருபவர்கள் என்று உற்பத்தி 110 ஆகிறது. மக்களுக்கு மிஞ்சும் பொருள் 65. ஆனால் 110க்கும் சம்பளமும் லாபமும் பட்டுவாடா ஆகிவிட்டன. வரி 25 போனால் மக்கள் கையில் 85 இருக்கிறது, கடையில் 65க்குத்தான் சரக்கு. இந்த 20 எங்கே போகும்? இன்னும் வரி போடலாம், ரேஷன் வைக்கலாம், விலை ஏற விட்டுவிடலாம், அல்லது மக்களே அதைச் செலவழிக்காமல் ஒதுக்கிவைக்கும்படி செய்யலாம். பத்திரம் இந்தக் கடைசி வழி.

வங்கி அந்த 20க்குப் பத்திரம் வாங்கினால், அரசின் கணக்கில் 20 புதிய வைப்பாக வரவாகிறது. அரசு அதைச் செலவிடுகிறது, அது சம்பளமாக வெளியே வருகிறது, யார் செலவும் குறையவில்லை. தொழிற்சாலை ஊழியர் தன் சம்பளத்திலிருந்து 20க்கு வாங்கினால் கடைக்குப் போகிற பணத்தில் 20 குறைகிறது. கருவூலத்தின் வரவு இரண்டிலும் ஒன்றுதான். சந்தை விலையில்தான் வித்தியாசம் தெரியும்.

#3 சல்லடை

பேரேடு சொல்வது சரி, ஒரு நிபந்தனையோடு: அந்த 20 சம்பளத்திலிருந்து வர வேண்டும். நடைமுறையில் எல்லாமே அப்படி வருவதில்லை. ஏற்கெனவே சேமிப்புக் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த பணத்தை எடுத்துப் பத்திரம் வாங்கினால் செலவு ஒரு காசும் குறையாது, பணம் பெட்டி மாறும், அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது கடன் வாங்கிப் பத்திரம் வாங்குவது. 1918இல் அமெரிக்காவில் இதையே பிரசாரமாகச் செய்தார்கள்: வங்கியில் கடன் எடு, பத்திரம் வாங்கு, அந்தப் பத்திரத்தையே ஈடு வை, தவணையில் கட்டு. வங்கி அந்த ஈட்டை மத்திய வங்கியில் மறு ஈடு வைத்துப் பணம் எடுத்தது. ஜெர்மனியில் 1914 ஆகஸ்டிலேயே இதற்கென்று தனிக் கடன் அலுவலகங்களைத் திறந்தார்கள். பத்திரத்தின் மீது கடன் கொடுத்து, அந்தக் கடனைப் பணத்தாள் மாதிரியே புழங்கும் சீட்டுகளாகக் கொடுத்தார்கள். விற்பனைக் கணக்கு பிரமாதமாக இருக்கும். பணவீக்கத்தைத் தடுக்கும் வேலை நடந்திருக்காது.

மொத்த விற்பனை எண்களையும் அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்காவின் முதல் போர்க்கடன் இயக்கம், 1942 டிசம்பர்: இலக்கு 9 பில்லியன் டாலர், வசூல் சுமார் 12.9 பில்லியன். அதில் தனிமனிதர்கள் கொடுத்தது ஏறத்தாழ 1.6 பில்லியன்தான். மீதியெல்லாம் வங்கி, காப்பீடு, கம்பெனி.

#4 அரையணா

அப்படியானால் நான் கேட்டதற்கு விடை "விளம்பரம்தான்" என்றாகிறதே?

#5 முதிர்வு

அவ்வளவு அவசரம் வேண்டாம். பத்திரத்தின் வடிவத்தைப் பார்க்காமல் இதற்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. போர்ப் பத்திரம் என்று ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சரக்கு இருக்கிறது.

ஒன்று, சந்தையில் கைமாறும் பத்திரம். லிபர்ட்டி பத்திரம் இந்த வகை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பன் வட்டி, அதாவது பத்திரத்தில் குறித்த வட்டி (ஆண்டுக்கு முதல் வெளியீடு 3.5 சதவீதம், நாலாவது 4.25), யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். சிறிய ஆளுக்கு இதில் உள்ள ஆபத்து விலை. போர் முடிந்து வட்டி விகிதம் ஏறியதும் பழைய பத்திரத்தின் விலை சரிந்தது. 1920இல் 100 டாலர் முகமதிப்புள்ள பத்திரம் 90க்கும் கீழே போனது. அவசரத்துக்கு விற்றவர்கள் பத்துக்கு மேல் இழந்தார்கள். கைமாறக்கூடிய பத்திரம் என்பதால் மோசடிக்காரர்கள் வீடு வீடாகப் போய், உதவாத எண்ணெய்க் கம்பெனிப் பங்குகளைக் கொடுத்து லிபர்ட்டி பத்திரங்களை மாற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது, சேமிப்புப் பத்திரம். கைமாற்ற முடியாது, ஈடு வைக்க முடியாது, அரசிடம் மட்டுமே திருப்பித் தரலாம், திருப்பினால் என்ன கிடைக்கும் என்பது வாங்கும் அன்றே அட்டவணையாக அச்சடிக்கப்பட்டிருக்கும். 1941 மே 1 அன்று விற்பனைக்கு வந்த இ வரிசை இதுதான். 18.75 டாலர் கொடுத்தால் 10 வருடத்தில் 25 டாலர், அதாவது ஆண்டுக்கு 2.9 சதவீதம். 1920இன் கசப்பு மறுபடி வரக் கூடாது என்பதற்காகவே அமெரிக்கக் கருவூலம் இந்த வடிவத்தை எடுத்தது. பத்திரத்தை ஈடு வைக்க முடியாது என்ற ஒரு வரியிலேயே சல்லடை சொன்ன கடன்-ஈடு சுழற்சி அடைபட்டுப்போகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை சம்பளப் பிடித்தம். ஊழியர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். முதலாளி வாராவாரம் பிடித்து, 18.75 சேர்ந்ததும் பத்திரம் எழுதித் தருகிறார். சம்பளத்தில் 10 சதவீதம் என்பதுதான் பிரசாரத்தின் இலக்கு. தூங்கிக்கொண்டிருந்த பழைய சேமிப்பு இந்த வழியில் வருவதில்லை. கைக்கே வராத பணம் இது. அதனால் மொத்த விற்பனை என்ன என்று கேட்பது வீண். பிடித்தத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், போன மாதம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த மாதம் விலகினார்கள், விற்பனையில் எவ்வளவு அதே மாதம் திரும்பி வந்தது, இந்த மூன்றையும் கேளுங்கள். விளம்பரச் சுவரொட்டியில் இவை இருக்காது.

#6 கூப்பன் கத்திரி

முதிர்வு சொன்னதோடு அஞ்சல்தலை முறையையும் சேர்க்க வேண்டும். 18.75 ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர்களுக்கு 10 சென்ட், 25 சென்ட் சேமிப்புத் தலைகள். ஆல்பத்தில் 25 சென்ட் தலை 75 ஒட்டினால் ஒரு பத்திரம். முதல் உலகப்போரில் 25 சென்ட் சிக்கனத் தலை 16 ஒட்டினால் 4 டாலர். அதோடு சில சென்ட் சேர்த்துக் கொடுத்தால் போர்ச் சேமிப்புத் தலை. அந்தச் சில சென்ட் 1918 ஜனவரியில் 12, பிறகு மாதம் ஒரு சென்ட் கூடும். அந்த 1918 வரிசையில் எப்போது வாங்கினாலும் 1923 ஜனவரி 1 அன்று 5 டாலர். வட்டிக் கணக்கே தெரியாதவருக்கும் தாமதித்தால் விலை ஏறும் என்பது புரிந்துவிடும். அருமையான வடிவமைப்பு. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் முதிர்வு வைத்ததுதான் கோளாறு: கருவூலம் அந்த ஒரு நாளுக்காகத் தனியாகப் பணம் திரட்ட வேண்டியதாயிற்று. இ வரிசையில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் அது வெளியான மாதத்திலிருந்து 10 வருடம் என்று வைத்ததால் அந்தச் சுமை பரவிவிட்டது.

பிரிட்டனில் 1916இல் வந்த போர்ச் சேமிப்புச் சான்றிதழ் 15 ஷில்லிங் 6 பென்ஸ் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). 5 வருடத்தில் 1 பவுண்டு. கூட்டு வட்டி போட்டால் 5.2 சதவீதம், வருமான வரி கிடையாது. அந்த வரி விலக்குக்குத்தான் ஒருவர் வாங்கக்கூடிய அளவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். இல்லாவிட்டால் பணக்காரர்களே மொத்தமும் அள்ளிவிடுவார்கள். இ வரிசையிலும் ஆண்டுக்கு ஒருவருக்கு முகமதிப்பில் 5,000 டாலர்தான்.

#7 சல்லடை

நல்ல வடிவம்தான், ஒப்புக்கொள்கிறேன். அரசின் பக்கமிருந்து பாருங்கள். 60 நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் பணமாக்கலாம் என்றால் அது பத்து வருடக் கடன் இல்லை. பத்திரம் என்று பெயர் வைத்த நடப்புக் கணக்கு. போர் திசைமாறி மக்கள் பயந்தால் ஒரே வாரத்தில் எல்லாரும் கவுன்ட்டர் முன் நிற்பார்கள். சந்தைப் பத்திரத்தில் பயந்தவன் இன்னொருவனுக்கு விற்பான், விலை விழும், கருவூலத்திலிருந்து காசு போகாது.

#8 முதிர்வு

எல்லாரும் ஒரேயடியாகப் பணமெடுக்க வரும் அந்த ஓட்டத்தைத் தடுக்க மூன்று பூட்டு இருந்தது. முதல் 60 நாள் கிடையவே கிடையாது. முதல் ஆண்டுக்குள் எடுத்தால் போட்ட 18.75 மட்டும், வட்டி இல்லை. பிறகும் வட்டி ஏணி சரிசமமாக ஏறாது. ஆரம்ப வருடங்களில் மிகக் குறைவு, கடைசி வருடங்களில் அதிகம். ஆறு வருடம் வைத்திருந்தவருக்கு மிச்சம் நாலு வருடத்துக்கான வட்டி 2.9ஐவிடக் கணிசமாக மேலே இருக்கும். ஆகவே வைத்திருக்க வைத்திருக்க விட மனம் வராது.

சில்லறைப் பத்திரம் சீக்கிரம் திரும்பும் என்பது நிஜம். 25 டாலர் பத்திரங்கள்தான் மற்ற மதிப்புகளைவிட வேகமாகத் திரும்பின. அதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. மருத்துவச் செலவுக்கு எடுக்க முடியாது என்று தெரிந்தால் தினக்கூலிக்காரர் முதலிலேயே பிடித்தத்தில் சேரமாட்டார். பூட்டை இறுக்கினால் வசூல் விழும், தளர்த்தினால் ஓட்டம். இதற்கு நிரந்தர விடை இல்லை, ஒவ்வொரு அரசும் தன் மக்களின் பயத்தை அளந்து வைக்க வேண்டியதுதான்.

பெயர்ப் பதிவும் முக்கியம். பத்திரத்தில் உரிமையாளர் பெயர், முகவரி, தொடர் எண் கருவூலத்தில் இருக்கும். எரிந்தாலும் தொலைந்தாலும் மாற்றுப் பத்திரம் கிடைக்கும். இணை உரிமையாளர் ஒருவரையோ, இறந்தால் பெறுபவர் ஒருவரையோ எழுதலாம், இரண்டில் ஒன்றுதான். இணை உரிமையாளர் என்றால் இருவரில் யாரும் தனியாகப் பணமாக்கலாம். பெறுபவர் என்றால் மரணச் சான்றிதழ் வேண்டும். போர்முனைக்குப் போகிற ஆளுக்கு இந்த வேறுபாட்டைப் படிவம் நிரப்பும்போதே விளக்காவிட்டால், பின்னால் வீட்டார் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும்.

#9 அரையணா

திரும்பக் கிடைத்த பணத்தின் மதிப்பு? 1941இல் வாங்கியவர் 1951இல் என்ன பெற்றார்?

#10 பேரேடு

25 டாலர் பெற்றார். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு (1982–84ஐ 100 என வைத்தால்) 1941இல் 14.7, 1951இல் 26.0. விலை 1.77 மடங்கு, பணம் 1.33 மடங்கு. 1.33ஐ 1.77ஆல் வகுத்தால் 0.75. பத்து வருடம் பொறுத்து, வாங்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு இழப்பு. இவ்வளவுக்கும் ஜெயித்த நாடு, வாக்குத் தவறாத கருவூலம்.

இது தற்செயலும் இல்லை. 1942 ஏப்ரலில் அமெரிக்க மத்திய வங்கி குறுகிய கால உண்டியல் (அரசு சில மாதங்களுக்கு வாங்கும் கடன்சீட்டு) வட்டியை 3/8 சதவீதத்திலும் நீண்ட காலப் பத்திர வட்டியை 2.5 சதவீதத்திலும் கட்டிவைத்தது. 1946இல் விலைக் கட்டுப்பாடு தளர்ந்ததும் அடைபட்டிருந்த பணமெல்லாம் வெளியே பாய்ந்தது. வட்டி அப்போதும் கட்டுக்குள்தான். 1951 மார்ச் 4இல் கருவூலத்துக்கும் மத்திய வங்கிக்கும் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் கட்டு அவிழ்ந்தது. கடன் சுமை கரைந்ததில் ஒரு பகுதி சேமித்தவரின் பையிலிருந்து போனது.

ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம்? அந்த 18.75ஐ வரியாக எடுத்திருந்தால் திரும்பக் கிடைப்பது பூஜ்யம். செலவழித்திருந்தால் கடையில் சரக்கு இல்லாத காலத்தில் விலையை ஏற்றியிருக்கும், அவ்வளவே. வரியோடு ஒப்பிட்டால் பத்திரக்காரருக்கு லாபம், தந்த வாக்கோடு ஒப்பிட்டால் நஷ்டம். இரண்டும் உண்மை.

#11 கூப்பன் கத்திரி

தோற்ற நாட்டுக் கணக்கைப் பார்த்தால் 0.75 சொர்க்கம்.

ஜெர்மனி 1914 முதல் 1918 வரை ஆறு மாதத்துக்கு ஒன்றாக ஒன்பது போர்க்கடன் விட்டது. 5 சதவீத வட்டி, மொத்தம் 100 பில்லியன் மார்க்கை நெருங்கியது. முதல் நாலு வெளியீடும் கருவூலத்தின் குறுகிய கால உண்டியல் கடனை அடைக்கப் போதுமாக இருந்தன. 1916 இலையுதிர் காலத்திலிருந்து போதவில்லை; மிச்சம் மத்திய வங்கியில் தேங்கிப் பணத்தாளானது. போர் நடக்கும்போதே கடுமையான வரி போட அங்கே துணிச்சல் இல்லை, தோற்ற எதிரி கட்டுவான் என்ற நினைப்பு. 1923இன் பெரும் பணவீக்கத்தில் பத்திரங்கள் காகிதமாயின. 1925இல் சட்டம் போட்டு 1,000 மார்க் போர்க்கடனுக்கு 25 மார்க் புதிய கடன் என்று மாற்றினார்கள். கடைசிவரை வைத்திருந்த பழைய உரிமையாளர்களுக்குக் குலுக்கல் முறையில் கொஞ்சம் கூடுதல்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு இரண்டாவது போரில் ஹிட்லர் அரசு மக்களிடம் பத்திரம் விற்கவே போகவில்லை. யாரும் வாங்காவிட்டால் அதுவே நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு ஆகிவிடும். ரேஷனால் செலவழிக்க முடியாத பணம் தானாகச் சேமிப்பு வங்கிக்குப் போனது. வங்கிகள் அதை அரசுப் பத்திரத்தில் போட வைக்கப்பட்டன. ஓசையில்லாத நிதி திரட்டல். சேமித்தவருக்குத் தான் போருக்குக் கடன் கொடுக்கிறோம் என்பதே தெரியாது. 1941இல் 'இரும்புச் சேமிப்பு' என்று ஒன்று வந்தது: மாதம் 26 மார்க் வரை வரியில்லாமல் சம்பளத்தில் பிடித்து, போர் முடிந்து ஒரு வருடம் கழித்துத் தருவதாக வாக்கு. மேற்கு ஜெர்மனியின் 1948 நாணயச் சீர்திருத்தத்தில் சாதாரண வங்கிச் சேமிப்பே 100 பழைய மார்க்குக்கு 6.5 புதிய மார்க் ஆக முடிந்தது.

பிரிட்டனின் முதல் போர்க்கடனையும் மறக்க வேண்டாம். 1914 நவம்பர், 350 மில்லியன் பவுண்டு. பொதுமக்களிடமிருந்து வந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பற்றாக்குறையை மறைக்க இங்கிலாந்து வங்கியே தன் இரண்டு உயர் அதிகாரிகளின் சொந்தப் பெயரில் ரகசியமாக வாங்கியது. விற்றுத் தீர்ந்தது என்றுதான் செய்தி வந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2017இல், வங்கியின் பழைய பேரேட்டிலிருந்து விஷயம் வெளியே வந்தது.

#12 சல்லடை

ரஷ்யாவை விட்டுவிட்டீர்கள். சோவியத் முறையில் "விருப்பச் சந்தா" என்று பெயர், ஆண்டுக்குச் சுமார் ஒரு மாதச் சம்பளம், கையெழுத்துப் போடாமல் தப்பிப்பது கஷ்டம். 1947இல் பழைய பத்திரம் மூன்றுக்குப் புதியது ஒன்று. 1957இல் திருப்பிச் செலுத்துவதை 20 வருடம் தள்ளிவைத்தார்கள். செலவழிப்பைக் குறைக்கும் வேலையைக் கச்சிதமாகச் செய்தது என்பதை மறுக்க முடியாது. அதைச் சேமிப்பு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

#13 அரையணா

இன்றைக்கு உக்ரைன் எப்படி?

#14 முதிர்வு

அங்கே வடிவம் சந்தைப் பத்திரம். 2022 மார்ச் 1 அன்று முதல் ராணுவப் பத்திர ஏலம்: ஒரு வருடம், 11 சதவீதம், முகமதிப்பு 1,000 ஹிரிவ்னியா (உக்ரைன் நாணயம்), வசூல் சுமார் 8.1 பில்லியன். தனிமனிதருக்கு வட்டி வருமானத்தில் வரி இல்லை. பிறகு அரசின் 'தியா' கைபேசிச் செயலியிலேயே ஒரு பத்திரம்கூட வாங்கலாம் என்று வந்தது. அரையணா முதலில் கேட்ட அச்சுக்கூலி, தபால் செலவு எல்லாம் இங்கே கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது.

தடுக்கியது வட்டியில். 2022 ஜூன் தொடக்கத்தில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வட்டிகளுக்கு அடிப்படையாக அது வைக்கும் விகிதம்) 10 சதவீதத்திலிருந்து 25க்கு ஏற்றியது. நிதியமைச்சகம் பத்திர வட்டியை அந்த வேகத்தில் ஏற்ற மறுத்தது. மத்திய வங்கியில் போட்டாலே இருபதுக்கு மேல் கிடைக்கும்போது எந்த வங்கி 11க்குப் பத்திரம் வாங்கும்? முதிர்ந்த பத்திரத்தின் பணம் புதிய பத்திரத்துக்குத் திரும்பவில்லை. அந்த வருடம் மத்திய வங்கியே 400 பில்லியன் ஹிரிவ்னியாவுக்கு நேரடியாகப் பத்திரம் வாங்கியது. ஜூலையில் அதிகாரபூர்வ மாற்று விகிதம் ஒரு டாலருக்கு 29.25இலிருந்து 36.57 ஆனது, வருட இறுதியில் பணவீக்கம் 26.6 சதவீதம். மார்ச்சில் 11க்கு வாங்கியவர் நிலைமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2023 ஜனவரி முதல், குறிப்பிட்ட சில பத்திரங்களை வங்கிகள் தங்கள் கட்டாய இருப்பில் (மத்திய வங்கி விதிப்படி ஒதுக்கிவைக்க வேண்டிய பணம்) ஒரு பகுதியாகக் காட்டலாம் என்று விதி மாறியது, வட்டியும் ஏறியது, வெளிநாட்டு உதவியும் சீராக வந்தது. அந்த வருடம் மத்திய வங்கி நேரடியாக வாங்கவில்லை. கவனியுங்கள், கணக்கை நேராக்கியது வெளிநாட்டுப் பணமும் வங்கி விதியும். பொதுமக்கள் பங்கு சிறியது.

#15 பேரேடு

அதனால்தான் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1940இல் விருப்பச் சேமிப்பை நம்பாமல் கட்டாயச் சேமிப்பு என்றார்: எல்லார் சம்பளத்திலும் ஒரு பகுதியைப் பிடி, பேரில் வரவு வை, போருக்குப் பின் வேலையின்மை வரும் காலத்தில் திருப்பிக் கொடு, அதற்கான பணத்துக்கு மக்களின் மூலதனச் சொத்து மீது ஒருமுறை வரி போடு. பிரிட்டன் 1941 பட்ஜெட்டில் இதைச் சிறிய அளவில் எடுத்தது. வருமான வரிச் சலுகைகளைக் குறைத்து, அதனால் கூடிய வரியைப் 'போருக்குப் பிந்தைய வரவு' என்று ஒவ்வொருவர் பேரிலும் எழுதியது.

#16 சல்லடை

திருப்பிக் கொடுத்தார்களா?

#17 பேரேடு

கொடுத்தார்கள். 1946இல் முதலில் 65 வயதான ஆண்களுக்கும் 60 வயதான பெண்களுக்கும். மற்றவர்கள் அந்த வயதுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு வயது வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 1959 வரை வட்டி ஏதும் கிடையாது. பணவீக்கம் ஓடிக்கொண்டே இருந்ததால், மெதுவாகக் கொடுக்கக் கொடுக்கக் கருவூலத்துக்கு மலிவு. கடைசித் தொகை பட்டுவாடா ஆனது 1973இல்.